புள்ளி முப்பத்தெட்டும் பூங்காவனம்மாளின் இருபத்தைந்து தோட்டாக்களும்

1

நான் அமெரிக்காவுக்கு வந்து நான்கு வருடம் நிறைந்த அன்று காலையில், ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஊரில் இருந்திருந்தால் பெரியபாளையம் போய் அம்மனைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் இட்லி சாப்பிட்டிருப்பேன். இங்கே அன்று இன்ன நாள் என்பதே என்னைத் தவிர யாருக்கும் நினைவில்லை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. எதிர்க்கடையின் பெயர்ப்பலகையில் பாதி எழுத்தை அது விழுங்கிவிட்டது.

கடைக்காரர் பெயர் பில். பட்டாளத்தில் இருந்தவராம். கண்ணாடிப் பெட்டியின் மேல் பச்சைத் துணியை விரித்து, புடவைக் கடையில் எடுத்துப் போடுவதுபோல ஒவ்வொன்றாக, குழலின் அளவைச் சொல்லிச் சொல்லி வைத்தார்.

"இது புள்ளி இருபத்திரண்டு. சத்தம் குறைவு, கை உதறாது, பழகுவதற்கு நல்லது. ஆனால் வருகிறவன் நிற்க மாட்டான். இது முப்பத்திரண்டு, பழைய சாமான். இது முப்பத்தெட்டு. போலீஸ்காரர்கள் வைத்திருப்பது. இது நாற்பத்தைந்து. இதை நீங்கள் சுட்டால் அவனும் விழுவான், நீங்களும் விழுவீர்கள்."

நான் ஐந்தடி மூன்றங்குலம். அவர் சொன்னது சரிதான்.

"தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்யப் போகிறீர்கள். கனம்தான் முதலில் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் பத்து நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். வீட்டில் இருக்கிற பெரிய துப்பாக்கியைவிட இடுப்பில் இருக்கிற சின்னத் துப்பாக்கி மேல்" என்றார். குட்டைக் குழல் வைத்த ஒரு முப்பத்தெட்டை என் பக்கம் நகர்த்தினார். ஐந்து குண்டு பிடிக்கும்.

தோட்டாவிலும் இரண்டு தினுசு உண்டாம். உருண்டை மூக்கு வைத்த ஈயம் ஓர் ஆளைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் இருப்பவரையும் தொடும். நுனியில் குழி வைத்தது உள்ளே போனதும் விரிந்து அங்கேயே நின்றுவிடும். "உங்கள் கடையில் பின்னால் யார் நிற்பார்கள்?" என்று கேட்டார். கைக்குழந்தையோடு இருமல் மருந்துக்கு வரும் அம்மாக்கள் என்றேன். "அப்படியானால் குழி வைத்ததுதான்" என்றார், காய்கறிக் கடைக்காரர் குழம்புக்கு எந்தக் கத்தரிக்காய் என்று சொல்வதுபோல.

நான் கேட்ட கேள்விக்குத்தான் அவர் சிரித்தார். "வருடத்துக்கு எத்தனை தோட்டாவுக்கு அனுமதி? காலித் தோட்டாவை எந்த ஆபீசில் காட்ட வேண்டும்?"

"எத்தனை வேண்டுமோ அத்தனை. காலியைக் குப்பையில் போடுங்கள்."

அந்தப் பதிலைக் கேட்டு, ஊரில் ஒன்பது வருடம் துப்பாக்கி ரிஜிஸ்டர் எழுதிய என் கை சும்மா தொங்கியது. பித்தளைத் தோட்டாக்கள் பெட்டியில் வரிசையாக மினுமினுத்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் முன்னால் பெட்டி போய் ஊர் முறம் ஒன்று வந்தது. முறத்தில் சிவப்புக் காகிதத் தோட்டாக்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

2

நான் எப்படி அந்தக் கடைக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கஸ்தூரி நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. ஒரு வருடம் முன்பே வந்துவிட்டாள். நான் பின்னால் வந்தேன். எங்கள் மகள் செல்வி மாமியார் வீட்டில் இருந்துவிட்டு அதற்கும் பின்னால் வந்தாள். ஊரில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவன் இங்கே ஒரு மருந்துக்கடையில் கவுண்டர் ஆள். முதலாளி ஃபிராங்க் அறுபதைத் தாண்டியவர், நல்ல மனிதர், முணுமுணுத்துக்கொண்டே இருப்பவர்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பேர் உள்ளே வந்து, போதை தரும் மாத்திரைகளைக் கேட்டு, ஃபிராங்கின் மண்டையைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துவிட்டுப் போனார்கள். நான் அப்போது பின்னால் கிடங்கில் இருந்தேன். எட்டு நாள் கழித்துக் கட்டோடு வந்தவர் சொன்னார்: "ஏகா, இனிமேல் கவுண்டரில் நிற்கிறவன் இடுப்பில் ஒன்று இருக்க வேண்டும். உனக்கு இஷ்டமில்லை என்றால் சொல், வேறு ஆள் பார்க்கிறேன். மாசக் கடைசிக்குள் முடிவு செய்."

என் பெயர் ஏகாம்பரம். பாதிப் பெயரை அவர் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். கஸ்தூரி கரண்டியைக் கீழே வைத்தாள். "வாங்கினு வாங்க. இன்னா யோசன? அந்தக் கெய்வனுக்கு ஒடஞ்ச மாதிரி உங்களுக்கும் மண்ட ஒடஞ்சா, நான் இந்த ஊர்ல யாராண்ட போய் நிப்பேன்?"

செல்விக்கு ஒன்பது வயது. இங்கே வந்து மூன்று வருடத்தில் அவள் தமிழ், விருந்தாளிபோல எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறது. "அப்பா, நீங்க யாரை ஷூட் பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லம்மா."

"தென் ஒய் பை இட்?"

கஸ்தூரி அவளை அதட்டினாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

3

ஊரில் நான் வேலை பார்த்தது ஒரு தாலுகா ஆபீசில். எந்தத் தாலுகா என்று சொல்ல மாட்டேன், சிநேகிதர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மேஜை துப்பாக்கி லைசென்ஸ் மேஜை. பயிரைக் காக்கப் பன்றிக்கும் பறவைக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் நிலக்காரர்கள், வருடத்துக்கொரு முறை துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். குழல் மேல் உள்ள எண்ணைச் சரிபார்க்க வேண்டும், தோட்டாவை எண்ண வேண்டும், சுட்டிருந்தால் காலியைக் காட்டச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் இதைச் செய்தேன். ஒரு தடவைகூட ஒரு குண்டு சுட்டதில்லை. உண்மையைச் சொன்னால், காலித் துப்பாக்கியை நீட்டினால்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் எண்ணைப் படிப்பேன். ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும்.

பூங்காவனம்மாள் ஊத்துக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமம். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். புருஷன் போன பிறகு நான்கு ஏக்கர் நஞ்சையும் ஒரு பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அவருக்கு நின்றன. பிள்ளைகள் இல்லை. லைசென்சைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி வந்தார். பெண்ணுக்கா என்று ஆபீசே எழுந்து பார்த்தது. துப்பாக்கி தேவைப்படும் காரணம் என்று மனுவில் ஓர் இடம் உண்டு. இன்னா எழுதட்டும்மா என்று கேட்டேன்.

"நான் ஒண்டியா கீறது ஊருக்கே தெரியும். ஊட்ல துப்பாக்கி கீறதும் தெரியட்டும். அப்டியே எழுது நைனா."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா" என்று சொல்லி, பயிர் பாதுகாப்பு என்று எழுதினேன். அது பாஸானது.

முதல் வருடம் காட்ட வந்தபோது இருபத்தைந்து தோட்டாவும் அப்படியே இருந்தன. இரண்டாம் வருடமும் அதே இருபத்தைந்து. மழைக்காலத்தில் காகித உறை உப்பிவிடும் என்பதால் மிளகாயோடு சேர்த்து முறத்தில் காயவைப்பாராம்.

"ஈரம் பட்டது வெடிக்காதும்மா. மாத்திக்குங்க."

"வெடிக்காட்டி இன்னா? அது எனக்கும் உனக்கும் தானே தெரியும்? முறத்துல காயறத தெருவே பாத்துக்கினு போவுது. அது போதும்."

அவர் யாருக்குப் பயந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். புருஷனின் தம்பி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, பட்டணத்து ஆட்கள் நிலம் கேட்கிறார்கள் என்று பேச்சு எழுந்ததும், அந்த நான்கு ஏக்கர் மேல் அவருக்கு ஒரு கண். வரப்பு வரை வருவார். முறத்தைப் பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார்.

4

இனிமேல் எழுதப்போவதை நான்கு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, கஸ்தூரியிடம்கூட.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி அத்தனையையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போகும், வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். பூங்காவனம்மாளும் துப்பாக்கியைப் பழம்புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போய் ஒப்படைத்தார். அதையும் ஊரே பார்த்தது.

தேர்தல் முடிந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரே பட்டியலாக உத்தரவு போய்விட்டது. இவருடையது பெயர் மாறிய லைசென்ஸ் என்பதால் தனிக் காகிதம். கையெழுத்தாகி என் மேஜைக்கு வந்தது. தபால் பிரிவில் கொடுக்க வேண்டியது மட்டும்தான் என் வேலை. அன்று நான் பாஸ்போர்ட்டுக்காக மெட்ராஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேஜையில் கிடந்த என் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் வாரி ரெக்சின் பையில் போட்டேன். வாரியதில் அதுவும் சேர்ந்துகொண்டது.

பத்தொன்பது நாள் அந்தக் காகிதம் என்னோடு சுற்றியது. பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நின்றது, ஓட்டலில் மேஜைமேல் உட்கார்ந்தது, லோக்கல் ரயிலில் என் தலைக்கு அணையாக இருந்தது. அந்த நாட்களில் நான் தரையில் நடக்கவே இல்லை. விமானம், கஸ்தூரி, பனி, இதே நினைப்பு. பழவேற்காடு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய், ஏரியில் வெள்ளை வெள்ளையாக நின்ற பறவைகளைப் பார்த்து, பனி இப்படித்தான் இருக்கும் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். பையும் பக்கத்தில்தான் இருந்தது.

நடுவில் இரண்டு தடவை அவர் ஆபீசுக்கு வந்தார். "நைனா, எல்லாருக்கும் குட்த்துட்டாங்களே, எனக்கு மட்டும் இன்னும் வர்லியே? அந்த ஆளு வரப்பு மேல நின்னுக்கினு சிரிக்கிறான். நவரை நெல்லு அறுப்புக்கு நிக்குது."

"மேலேருந்து வரணும்மா. நான் இன்னா பண்றது?" என்றேன். பொய் சொல்லவில்லை; அப்படித்தான் நம்பினேன். மேஜையை ஒரு தடவை துழாவிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அன்று எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் முறை மெட்ராஸ் போனபோது, பாஸ்போர்ட் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் காகிதக் கட்டைப் பிரித்து, நாலாக மடிந்த ஒன்றை எடுத்து நீட்டினார். "இது யாருடையது சார்? துப்பாக்கி என்று இருக்கிறதே."

அன்று சாயங்காலமே ஊத்துக்கோட்டை பஸ் பிடித்து ஸ்டேஷனில் நானே கொடுத்தேன். ரைட்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தம்மா நெலத்துல முந்தாநேத்தே அறுத்துட்டாங்களே சார்" என்றார். கொழுந்தன் இருபது ஆட்களோடு இறங்கி, நான்கு ஏக்கரையும் பட்டப்பகலில் அறுத்துக்கொண்டு போய்விட்டார். அறுத்தவன் பயிரிட்டவன் ஆனான். நிலமே தன் சாகுபடி என்று கோர்ட்டுக்குப் போனார். பூங்காவனம்மாள் வரப்பில் தனியாக நின்று கத்தினாராம். யாரும் கிட்டே வரவில்லையாம். மறுநாள் ஸ்டேஷனில், நான் கையோடு கொண்டுவந்து கொடுத்த அந்தக் காகிதத்தைக் காட்டி, அதிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

நான் வேலையை விட்ட கடைசி நாள் அவர் ஆபீசுக்கு வந்தார். திட்ட வருகிறார் என்று நினைத்து ரிஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்து நின்றேன். மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். பெரியபாளையத்து அம்மன் குங்குமம். "நல்லபடியா போய் சேரு நைனா" என்றார். அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் குங்குமத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அதே ரெக்சின் பை. சீ, என்ன மனிதன் நான்!

5

பில் அந்த முப்பத்தெட்டை எனக்காக எடுத்து வைத்தார். கோட்டுக்கு உள்ளே எங்கே வைத்தால் வெளியே தெரியாது என்று தொட்டுக் காட்டினார். "யாருக்கும் தெரியவே கூடாது. அதுதான் முக்கியம்."

"யாருக்கும் தெரியாவிட்டால் அவன் எப்படிப் பயப்படுவான்?" என்று கேட்டேன்.

"அவன் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் சுட வேண்டும்" என்றார், ரொம்பப் பிரியமாக.

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். பனியில் நடந்தேன். நடக்க நடக்க அது பழவேற்காட்டு ஏரியா, அந்தப் பக்கத்து உப்பளமா, இந்த ஊர்த் தெருவா என்பதே குழம்பிப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் ஒரு விமான அஞ்சல் தாளை எடுத்துப் பூங்காவனம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். இந்த மாதிரி, கவுண்டரில் நிற்கத் துப்பாக்கி வேண்டும் என்கிறார்கள், சின்னதா பெரியதா, விரிகிற தோட்டாவா துளைக்கிற தோட்டாவா, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று முதல் பக்கம் முழுக்க எழுதினேன். அடுத்த பக்கத்தில், அந்தக் காகிதம் பத்தொன்பது நாள் என் பையில்தான் இருந்தது, மேலேயிருந்து வரவில்லை என்று நான் சொன்னது தப்பு, உங்கள் நெல் என்னால்தான் போனது என்று எழுதினேன். எழுதி முடித்ததும் ஒட்டிவிட்டேன். படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன் என்று தெரியும்.

பிறகு தினமும் தபால் பெட்டி. ஃபிராங்க் காலண்டரைக் காட்டுவார். கஸ்தூரி "இன்னாங்க, வாங்கினீங்களா இல்லியா, பேஜாரா கீது" என்பாள். நான் துப்பாக்கிக்காகக் காத்திருக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். என்னைத் தின்றது வேறு. அந்தம்மாள் என்ன சொல்லப் போகிறார்?

6

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. அவசரத்தில் தாளின் மடிப்பைத் தாறுமாறாகக் கிழித்துத் திறந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கையெழுத்து. மேலேயே எழுதியிருந்தார்: அம்மாள் சொல்வதைச் சொன்னபடியே எழுதச் சொல்லி உத்தரவு.

"நைனா, பெருசா சின்னதான்னு கேட்டுக்கிற. எதுவா இருந்தா இன்னா? இடுப்புல ஒளிச்சி வெக்கணுமாமே, எனக்கு சிரிப்பு வந்துச்சி. கீதுன்னு நாலு பேருக்கு தெரியாட்டி அது இருந்து இன்னா புண்ணியம்? ஒளிச்சி வெக்கிறவன் சுட்டுத்தான் ஆவணும். உன்னால சுட முடியுமா? காலித் துப்பாக்கிய நீட்டினாலே மூஞ்ச திருப்பிக்கினு நம்பரு எழுதற ஆளு நீ. ஒண்டியா நிக்காத. நாலு பேரு கண்ணுல படற மாதிரி நில்லு. எனக்கு அன்னிக்கி அதான் இல்லாம போச்சி. என் தோட்டா இருபத்தஞ்சும் அப்டியே கீது. ரெண்டு ஏக்கரா கோர்ட்ல வந்துச்சி, ரெண்டு போச்சி. கஸ்தூரியையும் கொயந்தையையும் கேட்டேன்னு சொல்லு."

அவ்வளவுதான். இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாத்தியார் அதைப் படித்துக் காட்டவில்லையா? காட்டியும் பேசப் பிடிக்கவில்லையா?

இருந்தாலும் மறுநாளே ஃபிராங்கிடம் போய், துப்பாக்கி வேண்டாம் என்றேன். அவர் வேறு ஆள் என்று ஆரம்பிப்பதற்குள், முன்பக்கக் கண்ணாடியைக் காட்டினேன். இருமல் மருந்து, தலைவலி மாத்திரை, பற்பசை என்று தரையிலிருந்து கூரை வரை விளம்பரம் ஒட்டி, தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. "இதையெல்லாம் பிய்த்துவிடுகிறேன். கவுண்டரை ஜன்னலுக்கு நகர்த்துவோம். எதிரே முடிதிருத்தும் கடையில் எப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்கள் நம்மைப் பார்க்கட்டும். நீங்களும் ஒரு முக்காலி போட்டு என் பக்கத்தில் உட்காருங்கள்."

ஃபிராங்க் முணுமுணுத்தார். பைத்தியக்காரன் என்றார். பத்து நிமிஷம் கழித்துச் சுரண்டும் தகட்டை அவரே எடுத்துவந்தார். இரண்டு பேருமாகப் பகல் முழுக்கச் சுரண்டினோம். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து மருந்துப் புட்டிகள் மேல் ஏறியது. எதிர்க்கடைக்காரர் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினார். ஃபிராங்க் திரும்பக் கையாட்டிவிட்டு, இருபது வருடமாக எதிரே இருக்கிறான், பெயர் தெரியாது என்றார்.

7

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வியை உட்கார வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பது வழக்கம். ரொம்பச் சண்டைக்குப் பிறகுதான் உட்காருவாள். அன்று அவளாகவே வந்தாள். சோபாவுக்குக் கீழே பென்சில் தேடப் போனவள், ஒரு நீலக் காகிதத் துண்டைக் கையில் வைத்திருந்தாள்.

"அப்பா, இதுல தமிழ் இருக்கு. நான் படிக்கவா?"

விமான அஞ்சலில் இடம் போதாவிட்டால் ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கமும் எழுதுவார்கள் அல்லவா? ஊரிலிருந்து வந்த எத்தனை கடிதத்தை அப்படிக் கிழித்து ஒட்டிப் படித்திருப்பேன்! அந்தம்மாள் கடிதத்தைத் திறந்த அவசரத்தில் மடிப்பைக் கிழித்துக் கீழே விட்டிருக்கிறேன்.

செல்வி ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். பேச்சுத் தமிழ் எழுத்தில் இருந்ததால் தடுக்கித் தடுக்கி வந்தது.

"அந்த... கா...யி...தம் உன் பை...யில இருந்...துச்சின்னு எனக்கு அன்...னிக்கே தெரி...யும். தபால்ல வர்ற காயிதம் நாலா... மடிச்சி வராது. தேதி படிக்கவும் எனக்குத் தெரி...யும்."

அடுப்படியில் கஸ்தூரியின் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. "மேலே படிம்மா" என்றேன்.

"திட்டத்தான் வந்...தேன். ஊர விட்டுப் போறவன... சா...பம் குடுத்து அனுப்பக் கூடா...துன்னு குங்...குமம் குடுத்தேன்."

செல்வி நிமிர்ந்தாள். "சாபம்னா என்னப்பா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இருக்கிறதா பார் என்றேன். அவள் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில், கோந்து படுகிற இடத்தில், வாத்தியார் நுணுக்கி எழுதிய ஒரு வரி இருந்தது.

"இப்ப... சொல்லிட்ட இல்ல. வுட்...டுடு. நல்...லா இரு நைனா."